குற்றச்சாட்டு வேறு, குற்றத்தீர்ப்பு வேறு: கனடியச் சட்டத்தின் அடிப்படைச் சொற்கள்

1983 ஆம் ஆண்டின் பின்னர் எமது மக்களில் பெருந்தொகையினர் கனடாவைத் தமது வதிவிடமாக்கிக் கொண்டனர். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் பிள்ளைகளோடும் சகோதரர்களோடும் நாள்தோறும் தொலைபேசியில் உரையாடாத குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் குறைவு. அவ்வுரையாடல்களின் வழியே அந்நாட்டின் சட்டச் சொற்களும் இங்கு வந்து சேர்ந்துவிட்டன. 'மருமகனைச் சார்ஜ் பண்ணிவிட்டார்கள்', 'பெயிலில் வந்திருக்கிறான்', 'காசு தராவிட்டால் சூ பண்ணப் போகிறார்கள்' என்ற பேச்சுகள் எமது வீடுகளில் புதியவையல்ல. ஆனால், இச்சொற்களின் சரியான பொருள் சொல்பவருக்கும் தெரிவதில்லை, கேட்பவருக்கும் தெரிவதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என ஊர் தீர்மானித்துவிடுகிறது. இன்னொரு பக்கத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் விடயம் இலகுவில் முடிந்துவிடும் என எண்ணி, நாட்டில் வதியும் உரிமையையே இழந்தவர்களும் உளர். எனவே, அந்நாட்டுக் குற்றவியல், குடியியல் சட்டங்களின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை எமது வாசகர்களுக்கு விளக்க முற்படுகின்றோம். இது சட்ட ஆலோசனையன்று. வழக்கொன்றை எதிர்கொள்பவர் சட்டத்தரணி ஒருவரை நாடுவதற்கு இது மாற்றாகாது.

முதலிற் சொல்லவேண்டியது, இவ்விரு சட்டங்களையும் இயற்றும் அதிகாரம் இரு வேறு இடங்களில் உள்ளது என்பதாகும். 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் குற்றவியல் சட்டத்தை மத்திய பாராளுமன்றத்திடம் ஒப்படைத்தது. சொத்துகளும் குடியியல் உரிமைகளும் மாகாணங்களுக்குரியவை. ஆகவே, களவு என்றால் என்ன என்பதற்கு வன்கூவரிலும் ஹலிபக்ஸிலும் ஒரே விடைதான். கடனொன்றை அறவிடுவதற்கு எத்தனை ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்ற கேள்விக்கோ மாகாணத்துக்கு மாகாணம் விடை மாறலாம். சமஷ்டி முறை பற்றி நீண்ட காலமாக விவாதித்துவரும் எமக்கு இந்தப் பங்கீடு கவனிக்கத்தக்க ஓர் உதாரணம். எனினும் அது வேறு விடயம்.

கனடியக் குற்றவியல் சட்டக்கோவை 1892 இல் நிறைவேற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சேர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்பவர் இங்கிலாந்துக்கென வரைந்த நகலே அதன் முக்கிய மூலம். இங்கிலாந்து அந்நகலை ஏற்கவில்லை, கனடா ஏற்றுக்கொண்டது. அதே ஸ்டீபன்தான் 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தையும் வரைந்தார். எமது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அதனைப் பின்பற்றியதாகும். ஒரே கை வரைந்த இரு கிளைகளின் கீழ் நாமும் கனடியரும் வாழ்கின்றோம் எனலாம். ஆனால், இந்த உறவை நம்பி, இங்குள்ள விதியே அங்கும் இருக்கும் என எண்ணுவது ஆபத்தானது. அதனைப் பின்னர் காண்போம்.

குற்றவியல் வழக்கு என்பது அரசு ஒருவருக்கு எதிராகத் தொடுப்பது. வழக்கின் தலைப்பில் முடியின் பெயரே நிற்கும். 'கிறவுண்' என அங்குள்ளோர் குறிப்பிடுவது அரச வழக்குத்தொடுநரையே ஆகும். குடியியல் வழக்கில் வழக்காளி, எதிராளி என இரு தரப்பினர் தமக்கிடையே நீதி கேட்கின்றனர். முன்னையதன் நோக்கம் தண்டனை. பின்னையதன் நோக்கம் பெரும்பாலும் நட்டஈடு. குற்றவியல் வழக்கில் ஒருவர் குற்றவாளியாகக் காணப்படுவார். குடியியல் வழக்கில் தோற்றவர் குற்றவாளியல்லர். அவர் பொறுப்பாளி மட்டுமே. ஒரே சம்பவத்திலிருந்து இரண்டு வழக்குகளும் எழலாம். மதுபோதையில் வாகனம் செலுத்தி ஒருவரைக் காயப்படுத்தியவர் மீது அரசு குற்றவியல் வழக்குத் தொடுக்கும். காயப்பட்டவர் தனியாக நட்டஈடு கோருவார். ஒன்றில் தப்பியவர் மற்றதிலும் தப்புவார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குற்றவியல் வழக்கு அரசுக்குரியது என்பதிலிருந்து எழும் ஒரு விளைவை எமது சமூகம் இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்பது எமது கருத்து. கணவன் அடித்ததாக மனைவி பொலிஸாரை அழைக்கிறார். கணவன் கைதாகிறார். மறுநாள் கோபம் தணிந்து, 'நான் கேஸை வாபஸ் வாங்குகிறேன்' என்கிறார் மனைவி. அவரால் அது முடியாது. அவர் அவ்வழக்கில் ஒரு சாட்சி மாத்திரமே. வழக்கைக் கொண்டு நடத்துவதா, கைவிடுவதா என்பதை வழக்குத்தொடுநரே தீர்மானிப்பார். ஒன்ராறியோவில் குற்றத்தீர்ப்புக்கு நியாயமான வாய்ப்பு உண்டா, வழக்கை நடத்துவது பொதுநலனுக்கு உகந்ததா என்ற இரண்டையும் அவர் பார்க்க வேண்டும். மனைவியின் விருப்பம் கருத்திற் கொள்ளப்படலாம், ஆனால் கட்டுப்படுத்தாது.

இந்த மயக்கத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சிறு காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களை, பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு இணக்கமாகத் தீர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் அத்தகைய பிணக்குகளைக் கையாள்கின்றன. ஊர்ப் பெரியவர் பேசி முடித்துவைக்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. அந்த அனுபவத்தோடு கனடா சென்றவர், கோயில் தலைவரோ பள்ளிவாசல் நிருவாகியோ பேசினால் வழக்கு நின்றுவிடும் என எதிர்பார்க்கிறார். அதைவிட மோசமானது, மனைவியின் வாக்குமூலத்தை மாற்றும்படி உறவினர் தொலைபேசியில் வற்புறுத்துவது. சாட்சியைத் தன் சாட்சியத்திலிருந்து பிறழச் செய்ய முயல்வது நீதியின் போக்கைத் தடுத்தல் என்னும் தனிக் குற்றமாகும்.

தாக்குதல் என்ற குற்றத்தின் எல்லையும் நாம் எண்ணுவதைவிட விரிந்தது. சம்மதமின்றி ஒருவர்மீது வேண்டுமென்றே பலத்தைப் பிரயோகித்தாற் போதும். காயம் ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை. கன்னத்தில் ஓர் அறை, கையைப் பிடித்து இழுத்தல், தள்ளுதல் யாவும் இதனுள் அடங்கலாம். பிள்ளைகளைத் திருத்துவதற்காகப் பெற்றோர் நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற 43 ஆம் பிரிவை 2004 இல் கனடிய உயர் நீதிமன்றம் செல்லுபடியாகுமென ஏற்றது. ஆனால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையையும் பதின்ம வயதினரையும் அடிக்கலாகாது, தலையில் அடிக்கலாகாது, பொருளெதையும் கொண்டு அடிக்கலாகாது என வரையறுத்தது. எமது வீடுகளிற் சுவரோரம் இருக்கும் பிரம்புக்கு அங்கு சட்டத்தின் பாதுகாப்பில்லை.

அச்சுறுத்தல் பற்றியும் ஒரு சொல். 'உன்னைக் கொண்டுபோடுவன்' என்பது எமது சண்டைகளிற் சர்வசாதாரணமாக வாயில் வரும் வார்த்தை. உயிராபத்தோ உடற்காயமோ விளைவிப்பதாக அச்சுறுத்துவது கனடாவில் ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாகும். அச்சொற்களை நிறைவேற்றும் எண்ணம் இருந்ததா என்பது கேள்வியல்ல. அவை அச்சத்தை ஏற்படுத்த வேண்டும் அல்லது மெய்யாகக் கருதப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு சொல்லப்பட்டனவா என்பதே கேள்வி. சூழலை அறிந்த நியாயமான ஒருவர் அவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்வார் என்பதை நீதிமன்றம் ஆராயும். சொல்லின் சூழலை நீதிமன்றத்துக்கு உணர்த்துவது பெருமளவு மொழிபெயர்ப்பாளரின் கையிலுள்ளது. சாசனத்தின் 14 ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரை ஓர் உரிமையாகவே வழங்குகிறது. வியட்நாமிய மொழி பேசிய ஒருவரின் வழக்கில், 1994 இல், மொழிபெயர்ப்பு தொடர்ச்சியானதாகவும் துல்லியமானதாகவும் பக்கச்சார்பற்றதாகவும் தகுதிவாய்ந்ததாகவும் உடனுக்குடன் நிகழ்வதாகவும் இருக்க வேண்டுமென உயர் நீதிமன்றம் விதித்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்ற கூச்சத்தால் இவ்வுரிமையைக் கைவிடுவது வீண்.

குற்றங்கள் இரு வகைப்படும். சுருக்கமுறைக் குற்றங்கள் இலேசானவை. குற்றப்பகர்வுக் குற்றங்கள் பாரதூரமானவை. எமது நீதிவான் நீதிமன்றத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நினைவிற் கொண்டால் இது ஓரளவு விளங்கும். சுருக்கமுறைக் குற்றத்துக்கான பொதுவான உச்சத் தண்டனை 2019 இல் ஆறு மாதங்களிலிருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைந்த காலமாக உயர்த்தப்பட்டது. மூன்றாவதாகக் கலப்புக் குற்றங்களும் உள. இவற்றை எந்த முறையில் நடத்துவது என வழக்குத்தொடுநர் தெரிவு செய்வார். தாக்குதல், ஐயாயிரம் டொலருக்கு உட்பட்ட களவு போன்று எமது மக்கள் அதிகம் எதிர்கொள்ளும் பல குற்றங்கள் இவ்வகையின. வேகமாக வாகனம் செலுத்தியதற்காகக் கிடைக்கும் 'டிக்கெட்' மாகாணச் சட்டத்தின் கீழான மீறல் மட்டுமே. அதனால் குற்றவியற் பதிவு ஏற்படாது. 12 முதல் 17 வயது வரையிலானோருக்கு 2003 முதல் தனிச் சட்டம் உண்டு. அவர்களின் பெயரைப் பகிரங்கப்படுத்துவதற்குப் பொதுவாகத் தடையுள்ளது.

கைதாகும் ஒருவருக்கு 1982 ஆம் ஆண்டின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் சில காப்புகளை அளிக்கிறது. கைதுக்கான காரணத்தை அறியவும், தாமதமின்றிச் சட்டத்தரணியோடு பேசவும், அவ்வுரிமை தமக்குண்டு எனச் சொல்லப்படவும் அவருக்கு உரிமையுண்டு. மௌனமாயிருக்கும் உரிமையும் உண்டு. நாம் மேலே குறிப்பிட்ட ஆபத்து இவ்விடத்திற்றான் உள்ளது. இலங்கையின் சாதாரண சட்டப்படி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு எதிராகச் சான்றாகாது. (அந்தக் காப்பை நீக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கதையை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.) கனடாவிலோ பொலிஸாரிடம் சொன்னது சுயவிருப்போடு சொல்லப்பட்டதாயின் சான்றாக ஏற்கப்படும். விசாரணையின்போது சட்டத்தரணி அருகிலேயே அமர்ந்திருக்கும் உரிமை அந்நாட்டில் இல்லையென 2010 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மௌனமாயிருக்க விரும்புகிறேன் எனச் சொன்ன பின்னரும் பொலிஸார் கேள்விகளைத் தொடரலாம் என்பது 2007 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே, நடந்ததை விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என நம்பி வாய் திறப்பவர், தமக்கு எதிரான சான்றைத் தாமே உருவாக்கிக் கொடுக்கக்கூடும்.

மௌனத்துக்கு ஒரு விதிவிலக்கு: வாகனம் செலுத்துபவர், சட்டப்படி கேட்கப்படும்போது மூச்சுப் பரிசோதனையை மறுத்தால் அந்த மறுப்பே குற்றமாகும்.

பிணை பற்றிய விளக்கமும் அவசியம். கைதாகித் தடுத்து வைக்கப்பட்டவரை இயன்றவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதிபதியிடம் முற்படுத்த வேண்டும். நீதிமன்றத்துக்கு வராது தலைமறைவாவார், பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, நீதி நிருவாகத்தின்மீதான நம்பிக்கை குலையும் என்ற மூன்று காரணங்களில் ஒன்றைக் காட்டியே அவரைத் தடுத்து வைக்கக் கோரலாம். பெரும்பாலான வழக்குகளில் அதனைக் காட்டும் சுமை வழக்குத்தொடுநருடையது. பிணையில் விடப்படும்போது 'ஷூரிட்டி' எனப்படும் பிணையாளி கேட்கப்படலாம். பிணையாளி பெரும்பாலும் பணத்தைக் கட்டுவதில்லை. எதிரி நிபந்தனைகளை மீறினால் இவ்வளவு பணம் செலுத்துவேன் எனப் பொறுப்பேற்கிறார். அவர் வெறும் கையொப்பக்காரர் அல்லர், காவலர். எதிரியோ வேறெவருமோ அவருக்கு அந்தப் பணத்தை ஈடுசெய்வதாக உடன்படுவதும் குற்றமாகும். அமெரிக்கத் திரைப்படங்களில் வரும் பிணை வியாபாரிகளுக்குக் கனடாவில் இடமில்லை.

குடும்ப வன்முறை வழக்குகளில் மனைவியோடு தொடர்பு கொள்ளலாகாது என்ற நிபந்தனை வழமையானது. மனைவியே தொலைபேசியில் அழைத்தாலும், அவரே வீட்டுக்கு வரச் சொன்னாலும், பேசுகின்ற, செல்கின்ற கணவன்தான் நிபந்தனையை மீறியவராவார். முதற்குற்றச்சாட்டிலிருந்து விடுபட்ட பின்னரும் இந்த மீறலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் உண்டு. நிபந்தனையை மாற்றுவதற்கு வழி நீதிமன்றமே.

இனி நிரூபணம். குற்றவியல் வழக்கில், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் எண்பிக்கப்பட வேண்டும். அந்தச் சுமை முழுவதும் அரசினுடையது. இரு கட்சியினரில் யாரை நம்புவது என நீதிபதி தெரிவு செய்வதல்ல இது. எதிரியின் கூற்றை நம்பாவிட்டாலும், அது நியாயமான சந்தேகத்தை ஏற்படுத்துமாயின் அவரை விடுவிக்க வேண்டும். அது சந்தேகத்தை ஏற்படுத்தாவிட்டாலும், எஞ்சிய சான்று போதுமானதா எனப் பார்க்க வேண்டும். 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வகுத்த இந்த ஒழுங்கு இன்றும் நீதிமன்றங்களில் நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது. முழு நிச்சயம் தேவையில்லை. ஆனால், முழு நிச்சயத்துக்கும் வெறும் நிகழ்தகவுக்கும் இடையில் ஒரு கோடு வரைந்தால், முழு நிச்சயத்துக்கு அண்மையிலேயே இந்த அளவுகோல் நிற்கும்.

குடியியல் வழக்கில் நிகழ்தகவுகளின் சமநிலையே அளவுகோல். நடந்திருப்பதற்கான சாத்தியம் நடக்காதிருப்பதற்கான சாத்தியத்தைவிடச் சற்றேனும் அதிகமாயிருந்தாற் போதும். தராசுத் தட்டு ஒரு நெல்மணியால் சாய்ந்தாலும் சாய்ந்ததுதான். குற்றவியல் நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் குடியியல் நீதிமன்றம் பொறுப்பாளியாகக் காண்பதில் முரண்பாடில்லை என்பது இதனாற் புலப்படும்.

வழக்கு இழுபடுவதற்கும் எல்லையுண்டு. 1990 இல் வெளியான ஒரு தீர்ப்பின் விளைவாக ஒன்ராறியோவில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் தாமதத்தின் பேரிற் கைவிடப்பட்டன. 2016 இல் உயர் நீதிமன்றம் திட்டமான கால எல்லைகளை வகுத்தது: மாகாண நீதிமன்றத்தில் 18 மாதங்கள், மேனிலை நீதிமன்றத்தில் 30 மாதங்கள். எதிரித் தரப்பினால் ஏற்பட்ட தாமதம் கழிக்கப்பட்ட பின்னரும் இவ்வெல்லை தாண்டினால், விசேட சூழ்நிலைகளை அரசு காட்டாதவிடத்து வழக்கு நிறுத்தப்படும். பல்லாண்டுகள் விளக்கமறியலில் கழித்தவர்களை அறிந்த எமக்கு இவ்விதி பொறாமையைத் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

வழக்கின் முடிவுகளிலும் பல வகைகள் உள. குற்றச்சாட்டு மீளப்பெறப்படலாம், விசாரணையின் பின் விடுதலைத் தீர்ப்புக் கிடைக்கலாம். சமாதானப் பிணைமுறி என்றொரு வழியும் உண்டு. ஓராண்டு வரை நன்னடத்தையோடு இருப்பதாக எதிரி உறுதியளிப்பார். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. குற்றவாளியாகக் காணப்பட்ட பின்னரும், முழுமையான விடுவிப்பு அல்லது நிபந்தனையுடனான விடுவிப்பு வழங்கப்பட்டால், அவருக்கு எதிராகக் குற்றத்தீர்ப்பு இல்லையென்றே சட்டம் கருதுகிறது. நன்னடத்தைக் கண்காணிப்பு, தண்டப்பணம், வீட்டிலிருந்தே கழிக்கும் நிபந்தனைத் தண்டனை, சிறை என்பன அடுத்த படிகள். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனை மாகாணச் சிறையிலும், அதற்கு மேற்பட்டது மத்திய சிறையிலும் கழிக்கப்படும். மரணதண்டனை 1976 இல் குற்றவியல் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. முதற்றரக் கொலைக்கு ஆயுட்சிறை. 25 ஆண்டுகளின் பின்னரே பிணைவிடுதலைக்கு விண்ணப்பிக்கலாம்.

நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கான பிரதான காரணம் இனிச் சொல்லவிருப்பதே. கனடியப் பிரஜையல்லாத ஒருவருக்குத் தண்டனை நீதிமன்றத்தோடு முடிவதில்லை. குடிவரவுச் சட்டத்தின் 36 ஆம் பிரிவின்படி, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை விதிக்கத்தக்க குற்றமொன்றுக்காகக் கனடாவிற் குற்றத்தீர்ப்புப் பெற்ற நிரந்தர வதிவாளர், பாரதூரமான குற்றத்தின் பேரில் நாட்டில் இருக்கத் தகாதவராகிறார். கவனிக்க வேண்டியது, உண்மையில் விதிக்கப்பட்ட தண்டனையல்ல. சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனையே. அபராதத்தோடு தப்பினாலும் இவ்விதி பொருந்தும். வேறெந்தக் குற்றமாயினும் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் அதே கதிதான். மேலும், கலப்புக் குற்றமொன்று இலேசான சுருக்கமுறையில் நடத்தப்பட்டிருந்தாலும், குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது பாரதூரமான வகையாகவே கொள்ளப்படும்.

2018 டிசம்பர் 18 முதல் மதுபோதையில் வாகனம் செலுத்துவதற்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அன்றிலிருந்து கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் அருந்திவிட்டு வாகனத்தில் ஏறிய நிரந்தர வதிவாளரும், முதற்றடவையிலேயே, நாடு கடத்தலுக்கு உள்ளாகக்கூடியவரானார். இக்குற்றத்துக்குக் குறைந்தபட்சம் ஆயிரம் டொலர் தண்டம் கட்டாயமாதலால், மேற்கூறிய விடுவிப்பு என்ற சலுகையும் பொதுவாக இதற்குக் கிடைப்பதில்லை. ஆயுதத்தாலோ போத்தலாலோ தாக்குதல், உடற்காயம் விளைவிக்கும் தாக்குதல், ஐயாயிரம் டொலருக்கு மேற்பட்ட மோசடி ஆகியனவும் பத்தாண்டு எல்லையைத் தொடுபவை அல்லது தாண்டுபவை.

குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவிடம் மனிதாபிமானக் காரணங்களை முன்வைக்கும் வழி சிலருக்கு உண்டு. ஆனால், ஆறு மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்த வாயில் அடைக்கப்பட்டுவிடும். 2013 வரை அந்த எல்லை இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அவ்வாண்டிலேயே, தண்டனை விதிக்கும் நீதிபதி குடிவரவு விளைவுகளையும் கருத்திற் கொள்ளலாம் என உயர் நீதிமன்றம் கூறியது. வீட்டிலிருந்து கழிக்கும் நிபந்தனைத் தண்டனை இந்த ஆறுமாதக் கணக்கில் சிறைத்தண்டனையாகாது என்பது 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அகதி அந்தஸ்துப் பெற்றவரை அகற்றுவதற்கு மேலும் கடுமையான நிபந்தனைகள் உள. பிரஜையை அகற்ற முடியாது.

ஆதலால், 'ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடியும். வேலைக்கும் போகலாம்' என்ற பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஏற்பவர் எதனை விற்று எதனை வாங்குகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஏற்ற பின்னர் அதனை மீளப்பெறுவது எளிதன்று. குடிவரவு விளைவுகளை அறியாது குற்றத்தை ஒப்புக்கொண்டவர், அறிந்திருந்தால் வேறு விதமாக நடந்திருப்பேன் எனக் காட்ட வேண்டுமென 2018 இல் உயர் நீதிமன்றம் விதித்தது. அவ்வழக்கில் மேன்முறையீடு செய்தவர் அதனைத் தமது சத்தியக்கடதாசியிற் சொல்லத் தவறியமையால் தோற்றார். குற்றவியல் சட்டத்தரணி, குடிவரவுச் சட்டத்தரணி இருவரிடமும் கேட்ட பின்னரே வாய் திறப்பது விவேகம். வசதியற்றோருக்கு நீதிமன்றத்திலேயே கடமைச் சட்டத்தரணிகள் இருப்பர்.

குடியியல் பக்கத்துக்கு வருவோம். 'சிவில் லோ' என்ற தொடருக்கு அந்நாட்டில் இரு பொருள் உண்டென்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். ஒன்று, குற்றவியலல்லாத சட்டம். மற்றது, கியூபெக்கிற்கே உரிய, பிரெஞ்சு மரபிலிருந்து வந்த சட்டமுறை. 1774 ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் அம்மாகாண மக்களின் பழைய சொத்துச் சட்டங்களைப் பேணியது. அவர்களின் இன்றைய குடியியல் சட்டக்கோவை 1994 முதல் நடைமுறையிலுள்ளது. ஏனைய மாகாணங்கள் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைச் சார்ந்தவை. றோமன் டச்சுச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம், கண்டியச் சட்டம் எனப் பலவற்றோடு வாழும் எமக்கு இது வியப்பளிக்காது.

ஆனால், எமது நாட்டில் ஆள்சார் சட்டங்களுக்குள்ள இடம் கனடாவில் இல்லை. மத அடிப்படையிலான குடும்ப மத்தியஸ்தத் தீர்ப்புகள் சட்ட வலுப்பெறலாமா என்ற சர்ச்சை ஒன்ராறியோவில் 2003 முதல் பெரிதாக எழுந்தது. முன்னாள் சட்டமா அதிபர் மரியன் பொயிட் 2004 இறுதியில் அளித்த அறிக்கை, காப்புகளோடு அதனைத் தொடரலாம் என்றது. அரசாங்கம் வேறு முடிவெடுத்தது. 2006 ஆம் ஆண்டின் திருத்தம், கனடியச் சட்டத்தின்படி வழங்கப்படாத குடும்ப மத்தியஸ்தத் தீர்ப்புக்கு வலுவில்லை என்றாக்கியது. முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தும். எனவே ரொறன்ரோவிற் சொல்லப்படும் தலாக் சட்டப்படியான விவாகரத்தாகாது. நீதிமன்றக் கட்டளை தேவை. இருவரும் கனடாவில் வதிந்துகொண்டு, இலங்கையில் காதி நீதிமன்றத்திற் பெறும் விவாகரத்து அங்கு அங்கீகரிக்கப்படுவதும் சிக்கலுக்குரியது. அதேவேளை, மஹரை மதக் கடமையாகவன்றி ஒப்பந்தக் கடனாகக் கருதிச் செலுத்துமாறு உத்தரவிட்ட கனடியத் தீர்ப்புகள் உண்டு. நிக்காஹ் பதிவில் எழுதும் தொகை அங்கு வெறும் சம்பிரதாயமாக முடியாமற் போகலாம்.

ஒன்ராறியோவிற் சட்டப்படி மணமுடித்தவர்கள் பிரியும்போது, மணவாழ்வுக் காலத்திற் பெருகிய சொத்தின் பெறுமதி சமப்படுத்தப்படும். அந்தக் கணக்கில் யாழ்ப்பாணத்துக் காணியும் காத்தான்குடி வீடும் சேரும் என்பதைப் பலர் பிந்தியே அறிகின்றனர்.

எஞ்சிய குடியியல் வழக்குகளிற் பெரும்பாலானவை ஒப்பந்த மீறல், கவனயீனம் என்ற இரண்டில் அடங்கும். கவனயீனம் என்பது இன்னொருவர்பால் காட்டவேண்டிய கவனக் கடப்பாட்டிலிருந்து தவறி, அதனால் அவருக்குத் தீங்கு நேர்தலாகும். வலிக்கும் துன்பத்துக்குமான நட்டஈட்டுக்கு 1978 இல் உயர் நீதிமன்றம் ஒரு இலட்சம் டொலர் உச்சவரம்பை விதித்தது. பணவீக்கத்தோடு அது இன்று நான்கு இலட்சத்தைக் கடந்துள்ளது. வருமான இழப்புக்கும் பராமரிப்புச் செலவுக்கும் அந்த வரம்பு இல்லை. அமெரிக்காவிற் போன்று கோடிக்கணக்கில் கிடைக்குமென எண்ணுவோர் இதனைக் கவனிக்க. தண்டனை நட்டஈடு அரிதானது. வீடெரிந்த குடும்பமொன்று தானே தீ வைத்ததாக ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டிய காப்புறுதி நிறுவனத்துக்கு எதிராக ஜூரி சபை விதித்த பத்து இலட்சம் டொலரை 2002 இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தமை அத்தகைய அரிதான உதாரணம்.

எமது மக்களிடையே அதிகம் எழும் பிணக்குகள் கைமாற்றும் சீட்டும் பற்றியவை. வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாக ஒப்பந்தமே. இடர்ப்பாடு அதனை எண்பிப்பதிலுள்ளது. நம்பிக்கையின் பேரில் துண்டின்றிக் கொடுத்த பணத்துக்கு வங்கிப் பதிவும் குறுஞ்செய்தியும்தான் சாட்சியாக வரவேண்டும். ஒன்ராறியோவில் 2004 முதல் நடைமுறையிலுள்ள காலவரையறைச் சட்டப்படி, இழப்பை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். கேட்கும்போது திருப்பித் தருவதாகக் கொண்ட கடனாயின், கேட்டும் தராத நாளிலிருந்து காலம் ஓடும். கியூபெக்கில் பொதுவான காலம் மூன்று ஆண்டுகள். 'பார்ப்போம், தருவார்' எனத் தவணை கொடுத்துக்கொண்டே இரண்டு ஆண்டுகளைக் கடத்துபவர் உரிமையை இழப்பார். கடனாளி கையொப்பமிட்டுக் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் புதிதாகத் தொடங்கும்.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் ஐம்பதாயிரம் டொலர் வரை கோரலாம். சட்டத்தரணியின்றித் தாமே வாதிடலாம். கோரிக்கை கையளிக்கப்பட்ட எதிராளி இருபது நாட்களுக்குள் மறுப்பைத் தாக்கல் செய்யாவிடின், அவரின்றியே தீர்ப்பாகிவிடலாம். கடிதத்தைத் திறக்காது மேசையில் வைத்திருப்பதாற் பயனில்லை. தோற்றவர் வென்றவரின் செலவில் ஒரு பகுதியையும் பொதுவாகச் சுமப்பார்.

தீர்ப்பு என்பது பணமன்று. கடனாளி தாமாகச் செலுத்தாவிடின், வென்றவரே அறவிட முனைய வேண்டும். சம்பளத்தை மறிக்கலாம், ஆயினும் சாதாரண கடனுக்கு ஒன்ராறியோவில் தேறிய சம்பளத்தின் ஐந்திலொரு பங்குக்கு மேல் பொதுவாக எடுக்க முடியாது. வங்கிக் கணக்கை மறிக்கலாம். வீட்டின்மீது கட்டளையைப் பதியலாம். அவர் வங்குரோத்து எனப் பிரகடனப்படுத்தினால் ஏனைய கடன்காரரோடு வரிசையில் நிற்க நேரும். கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. 'காசைத் தா, இல்லாவிட்டால் பொலிஸில் சொல்லி உள்ளே தள்ளுவேன்' எனச் சொல்லிப் பணம் கேட்பவர், பறித்தெடுத்தல் என்னும் குற்றச்சாட்டுக்குத் தாமே உள்ளாகக்கூடும்.